எழுத்துருவில் சிறைப்பட்ட தமிழ்



கோலசிலாங்கூர்த் தோட்டப்பள்ளி ஒன்றில் தட்டெழுதிய வினாத்தாள், அண்டைப் பள்ளியின் கணினியில் புரியாத குறிகளாய்த் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. காரணம் என்ன? எழுத்துரு விற்ற நிறுவனங்கள் தமிழுக்குத் தத்தம் குறியீட்டு முறையை வகுத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லையேல் கோப்பைப் படிக்க இயலாது. எழுதியவர் நாம், திறவுகோலோ விற்பவர் கையில்!

இந்நிலையை மாற்ற, 1990-களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழிக் கூடி, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினர். நம் நாட்டு முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்து வாழ் முனைவர் கல்யாணசுந்தரம் முதலியோர் அதில் பங்காற்றினர். எவரும் கட்டணமின்றி அதனைப் பயன்படுத்தலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை அக்குறியீட்டில் இலவசமாய் வழங்கியது. பின்னர், 1991-லேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு நிலைபெற்றது. 2010-இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்றது.

ஆயினும், பழைய எழுத்துருக்களில் சேமித்த ஆண்டுமலர்களும் பாடக்குறிப்புகளும் நம் பள்ளிக் கணினிகளில் இன்னும் உறங்கக்கூடும். தோட்டங்கள் மறைந்துவரும் வேளையில், அப்பள்ளிகளின் வரலாறு அவற்றில்தான் உள்ளது. மாற்றித்தரும் இலவச நிரல்கள் இருக்கின்றன. இவ்விடுமுறையிலேயே அவற்றை மீட்போம்.