ஜாயா அளித்த வாக்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து நகர மண்டபப் பக்கம் போக நேரும்போது டி. பி. ஜாயா மாவத்தை வழியாகப் போவது என் வழக்கம். என் நாக்கு இன்னும் அதை டார்லி வீதி என்றே சொல்கிறது. ஸாஹிரா அதிபர் ஜாயாவை நாம் நன்கறிவோம். அரசியல்வாதி ஜாயாவைத்தான் 'சுதந்திர வீரர்' என்ற பட்டத்தால் போர்த்தி மூடிவிட்டோம்.

1890இல் கலகெதரவில் ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் படித்த பரி. தோமாவின் கல்லூரி, 1918இல் கல்கிசைக்குப் பெயரும்வரை எங்கள் கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்தில் இருந்தது. அங்கிலிக்கன் கல்லூரியில் படித்து, பௌத்தர்களின் ஆனந்தாவில் கற்பித்து, 1921இல் ஸாஹிராவுக்கு அதிபராக வந்தார். தமிழ் பேசும் சோனகர் ஒரு மலாய்க்காரரைத் தலைவராக ஏற்றதும் சிறிய காரியமல்ல.

1924இல் அவர் சட்ட நிரூபண சபைக்குப் போனது முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய இனவாரி ஆசனத்தில். டொனமூர் திட்டம் அந்த ஆசனங்களை ஒழித்தது. 1936இல் அரசாங்க சபைக்கு நியமன உறுப்பினராகவே போக வேண்டியிருந்தது. ஆகவே, சிறுபான்மைக்குக் காப்பீடு என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்டவர்தான் 1945இல் சுதந்திரத்தை முன்னே வைத்தார். சோல்பரி ஆணைக்குழு முன் ஜி. ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்ட காலம் அது. புதிய யாப்புக்கு அரசாங்க சபையின் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டுமென்று பிரித்தானியா நிபந்தனை விதித்திருந்தது. சிறுபான்மையினர் கைக்கு அதனால் ஒரு பேர வலு வந்திருந்தது. ஜாயா பேரம் பேசவில்லை. நவம்பரில் வெள்ளை அறிக்கை 51க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்கப்பட்டது.

கண்மூடித்தனமான நம்பிக்கை என்று அதைச் சொல்ல மாட்டேன். பல அங்கத்தவர் தொகுதிகளும், ஓர் இனத்தைப் பாதிக்கும் சட்டத்தைத் தடுக்கும் 29ஆம் பிரிவும் அந்த யாப்பில் இருந்தன. மூவரைத் தெரியும் மத்திய கொழும்பில் வாக்காளருக்கு மூன்று வாக்குகள். மூன்றையும் ஒருவருக்கே போடலாம். 1947இல் ஏ. ஈ. குணசிங்க, பீற்றர் கெனமன் ஆகியோருடன் ஜாயாவும் அங்கே வென்று, தொழில், சமூக சேவை அமைச்சரானார்.

அடுத்த ஆண்டை எழுதும்போது பேனா தயங்குகிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இந்தியச் சோனகரும் அதில் அகப்பட்டனர். அதைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயா இருந்தார். சி. சுந்தரலிங்கம் அவ்வாண்டே அமைச்சை விட்டு வெளியேறினார்; ஜாயா 1950வரை நீடித்தார். அவர் விலகியிருந்தாலும் சட்டம் நின்றிருக்காது, உண்மைதான். ஆனால் பேரமின்றி வாக்களித்தவருக்குத்தான் கணக்குக் கேட்கும் உரிமை மற்றெவரையும்விட அதிகம் இருந்தது. ஸாஹிராவின் பழைய மாணவர்கள் என்னைக் கோபிக்கட்டும்.

பின்னர் பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகரானார். 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில், 29ஆம் பிரிவு அந்தச் சட்டத்தைத் தடுக்காது என்று தீர்த்தது. 1960இல் ஹஜ் பயணம் போன ஜாயா மதீனாவில் வபாத்தாகி, ஜன்னத்துல் பகீயில் அடக்கமானார். 29ஆம் பிரிவு 1972வரை ஏட்டில் இருந்தது. புதிய யாப்பு அதையும் நீக்கியபோது அவர் இல்லை.