ஐந்தாம் வாக்கியத்தின் பொறுப்பு: ஓபியாய்டு அடிமைநிலை பற்றிய 1980 கடிதம், ஒரு மறுவாசிப்பு

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம் குறித்து ஆய்வுலகில் இன்று ஏறத்தாழ ஒருமித்த தீர்ப்பு நிலவுகிறது. கடிதம் தன்னளவில் பிழையற்றது. அதைச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து, நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு மாத்திரைகளைத் தாராளமாக எழுதித்தரச் சான்றாக்கியவர்களே பிழை செய்தார்கள் என்பது அத்தீர்ப்பு. அதன் பிற்பாதியை நான் மறுக்கவில்லை. முற்பாதி நிற்காது.

இத்தீர்ப்புக்குப் பெரிதும் துணைநிற்பது 2017இல் அதே இதழில் வெளியான மேற்கோள் கணக்கெடுப்பு. கடிதத்தைச் சுட்டிய 608 எழுத்துகளில் 439, அடிமையாதல் அரிது என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டின. நோயாளிகள் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள் என்பதை 491 எழுத்துகள் சொல்லவே இல்லை. அரிய உழைப்பு அது. ஆனால் அதைப் படித்தவர்கள் பலரும் சுட்டியவர்களின் குற்றத்தை எண்ணி முடித்ததோடு நின்றுவிட்டார்கள். சுட்டப்பட்ட பனுவலை வரிவரியாக வாசிக்கும் வேலை அப்படியே கிடந்தது.

கடிதத்துக்கு அடிப்படையான பாஸ்டன் கூட்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கோப்புகளில் 39,946 உள்நோயாளிகள் இருந்தனர். ஒரு முறையேனும் போதை வலிநீக்கி பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு அடிமைநிலை இல்லாதவர்களில் ஓரளவு நன்கு பதிவான அடிமைநிலை நான்கு பேரிடம் மட்டுமே காணப்பட்டது. அதில் கடுமையானது ஒன்று. இருவருக்குக் கொடுக்கப்பட்டது மெபெரிடின், அதாவது நம் மருத்துவர்கள் அறிந்த பெத்திடின். ஒருவருக்குப் பெர்கோடான், ஒருவருக்கு ஹைட்ரோமார்போன். முதல் நான்கு வாக்கியங்கள் சொல்வது இவ்வளவே. ஐந்தாவது வாக்கியம் மருத்துவமனையில் தொடங்குகிறது. அங்கே இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டும், என்கிறது. முடியும்போது, முன்வரலாறு இல்லாத 'மருத்துவ நோயாளிகளிடம்' அடிமையாதல் அரிது என்கிறது. வாக்கியத்தின் முதல் பாதியில் இருந்த கட்டடம் இரண்டாம் பாதியில் மறைந்துவிடுகிறது. பின்னர் 491 எழுத்துகள் விட்டதாகச் சொல்லப்படும் அந்தத் தகவலைக் கடிதத்தை எழுதியவர்களே தங்கள் முடிவுரையின் பயனிலைப் பகுதியில் தளர்த்திவிட்டார்கள். சுட்டியவர்கள் திறந்து கிடந்த கதவின் வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

இதை வெறும் சொல்லமைப்புத் தளர்ச்சி என்று ஒதுக்கலாம். அப்படியே கொள்வோம்; மருத்துவமனைக்குள் மட்டுமாவது முடிவு செல்லுமா? செல்லாது என்றே கருதுகிறேன். அடிமைநிலையை நாம் எதைக்கொண்டு அறிகிறோம்? அளவைத் தானே கூட்டுவது, மருந்துக்காக மருத்துவரை மாற்றி மாற்றித் தேடுவது, தீங்கு தெரிந்தும் நிறுத்த இயலாமை. செவிலியர் கையில் மருந்தும் மருத்துவர் கையில் அளவும் இருக்கும் வார்டில் இவற்றுள் எது வெளிப்பட இடமுண்டு? வீடு திரும்பிய பின் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. எத்தனை நாள், எவ்வளவு அளவு என்ற குறிப்பும் இல்லை. ஒரே ஒரு ஊசி போட்டவரும் விகிதத்தின் பகுதியெண்ணில் சேர்ந்துவிடுகிறார். தோன்ற வழியில்லாத இடத்தில் தோன்றாததை அரிது என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் இவ்வளவு இறுக்கமான சூழலிலும் நான்கு பேர் பதிவானார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. அவர்களில் ஒருவர் பெற்ற பெர்கோடானில் இருந்தது ஆக்ஸிகோடோன். 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற பெயரில் சந்தைக்கு வந்த அதே பொருள். பெர்கோடான் பெற்றவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கடிதம் சொல்லியிருந்தால், இந்த விவாதம் வேறு வடிவம் பெற்றிருக்கும்.

கடிதம் தவறாகப் பயன்பட்டதற்கு ஜிக் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார் என்று எதிர்வாதம் வரும். வருத்தம் அவருடைய நேர்மைக்குச் சான்று, வாக்கியத்துக்கு அல்ல. இக்கடிதத்தைத் தாக்கினால் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைக்காமல் போகும் என்ற அச்சத்துக்கும் அடிப்படையில்லை. இறுதிக்கால வலிநிவாரணத்தின் நியாயம் ஒருநாளும் இந்தக் கடிதத்தை நம்பி இருந்ததில்லை.

இதைவிடப் பெரிய பாதிப்பு ஒன்றுண்டு. அது போதிய கவனம் பெறவில்லை. கடிதம் பாதுகாப்பு என்ற முழுக் கேள்வியையும் அடிமையாதல் என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருக்கிவிட்டது. நோயாளி அடிமையாகாவிட்டால் மருந்து பாதுகாப்பானது என்ற எண்ணம் அதன் நிழலில் வளர்ந்தது. மூச்சொடுக்கம் அடிமைநிலைக்காகக் காத்திருப்பதில்லை. சொன்னபடி, சொன்ன வேளையில் மாத்திரை விழுங்குபவரும், கூடவே பென்சோடயசிபைன் வகைத் தூக்கமருந்து எடுத்தால், இரவில் மூச்சடங்கிப் போகலாம். இவ்விரண்டையும் சேர்த்துத் தருவதற்கு எதிரான கட்டமிட்ட எச்சரிக்கையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது 2016இல்தான். வாஷிங்டன் மாநிலத்தில் நாள்பட்ட வலிக்கு ஓபியாய்டு பெற்ற 9,940 பேரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 100 மி.கி. மார்ஃபினுக்கு ஈடான அளவோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு, 20 மி.கி. வரை பெற்றவர்களைவிட மிகையளவு ஆபத்து ஏறக்குறைய ஒன்பது மடங்கு எனக் கண்டது. தீராத மலச்சிக்கல், ஹார்மோன் குறைவு, மருந்தே வலியுணர்வைக் கூர்மையாக்கும் நிலை ஆகியவையும் நான்கு பேர் என்ற எண்ணின் பின்னால் மறைந்தன. பலன் பற்றிய கேள்வியும் அப்படியே. முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரிடம் ஓராண்டு நடந்து 2018இல் வெளியான சோதனையில், அன்றாடச் செயல்பாட்டை மீட்பதில் ஓபியாய்டுகள் பிற வலிநீக்கிகளை விஞ்சவில்லை. இச்சோதனை நடக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதற்கு ஒரு காரணம் மட்டும் சொல்வது பொருந்தாது. ஆனால் பாதுகாப்பு தீர்ந்த விஷயம் என்று கருதப்பட்ட துறையில் அவசரம் எங்கிருந்து வரும்?

2017இல் இதழாசிரியர்கள் கடிதத்தின் மேல் ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். அது மிகுதியாகவும் ஆராயாமலும் சுட்டப்பட்டுள்ளது என வாசகரை எச்சரிக்கிறது. அக்குறிப்பும் சுட்டியவர்களையே நோக்குகிறது. கோப்புகளால் தாங்க முடியாத முடிவு ஐந்தாம் வாக்கியத்தில் இருக்கிறது என்று அதில் ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். கடிதத்தை இன்று திறக்கும் இளம் மருத்துவர் முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.