பழைய பட்டறை எந்திரங்களின் சுவிட்ச்

1884இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ், மின்தொடர்பைச் சட்டெனத் துண்டிக்கும் சுவிட்சை உருவாக்கினார். முனைகள் மெதுவாகப் பிரியும்போது தீப்பொறி நீண்டு உலோகத்தை அரிக்கும் குறை அதனால் தணிந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீட்டுப் பட்டறைகளில் பரவிய மர அறுவை எந்திரங்கள் பல, எர்த் இணைப்பில்லாத இருமுனைப் பிளக்குடன் இயங்கின. வயரின் காப்புறை தேய்ந்தால் எந்திரத்தின் உடலில் மின்சாரம் ஏறும். ஃபியூஸ் எரியாது, தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். மின்தடை நீங்கியதும் எந்திரம் தானாகச் சுழலும் ஆபத்தும் இருந்தது. மின்சாரம் நின்றதும் தானே விடுபடும் காந்தச் சுருள் சுவிட்ச் அதைத் தடுத்தது.

இத்தகைய ஷாக்கிலிருந்து காக்க, 1961இல் கலிஃபோர்னியாவில் சார்லஸ் டால்சியல், சில மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் கருவியை வடிவமைத்தார். பழைய எந்திரத்தைப் பழுதுபார்ப்போர் கருகிய சுவிட்சை மாற்றும்போது, மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சைப் பொருத்தி, எர்த் வயரையும் சேர்ப்பது வழக்கமாயிற்று.