இன்னொரு ராமானுஜம்

ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் பாரிஸ் போகும்போது இடது பக்கம் துறைமுக மதில் வரும். 1912-ல் மாசம் 30 ரூபாய்க்கு சீனிவாச ராமானுஜன் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாக இருந்தது அங்கேதான். பி.காம். படிக்கிறவனுக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம், அவரும் நம்ம டிபார்ட்மென்ட் என்று! ஆனால் இந்தப் பதிவு அவரைப் பற்றி இல்லை. 'ன்' இல்லை, 'ம்'. சி.பி. ராமானுஜம்.

1938-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைகோர்ட் வக்கீல். லயோலாவில் பாதர் ரசீனிடம் படித்துவிட்டு 1957-ல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அங்கே வந்து பாடம் நடத்துவார்கள். இளைஞர்கள் குறிப்பெடுத்துப் புத்தகமாக்க வேண்டும். ரஷ்யாவின் ஷஃபரேவிச் நடத்திய பாடத்துக்கு இவர் எழுதிய குறிப்பு 1966-ல் வந்தது. என் தப்புகளைத் திருத்தியதோடு நிரூபணங்களையும் நிரப்பினார் என்று ஷஃபரேவிச்சே பின்னால் சொன்னார். நோட்ஸ் எடுப்பது என்றால் இது (நம்ம ஜெராக்ஸ் நோட்ஸை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது).

பாடம் என்ன? ஒரு பந்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் மிச்சத்தைத் தட்டையான தளத்தின் மேல் புள்ளிக்குப் புள்ளி விரித்துவிடலாம். இப்படிக் கொஞ்சம் ஓரத்தை விட்டுக்கொடுத்தால் ஒன்றாகிவிடும் வடிவங்களை 'பைரேஷனல்' உறவு என்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எளிமையான ஒரு பிரதிநிதி உண்டா என்பது கேள்வி. அந்தத் தேடலில் கிடைக்கும் அடிப்படை வகைகளில் ஒன்று, இத்தாலிக்காரர் ஜீனோ ஃபானோ பெயரில் வழங்கும் ஃபானோ வடிவங்கள். பந்து மாதிரி வளைவு உள்ளவை.

ஜப்பானின் கோடைரா, சில அளவுகள் கட்டாயம் பூஜ்யமாகும் என்று ஒரு தேற்றம் தந்திருந்தார். 1972-ல் ராமானுஜம் இருபரிமாண வடிவங்களுக்கு அதன் நிபந்தனையைத் தளர்த்தினார். 1982-ல் கவாமாதாவும் ஃபீவெக்கும் தனித்தனியே அதை எல்லாப் பரிமாணங்களுக்கும் கொண்டுபோனார்கள். இன்று ஃபானோ வடிவங்களைத் தொடுகிறவர்களுக்கு அது இல்லாமல் நடக்காது. அந்த வடிவங்களைப் பற்றிய வேலைக்காக 2018-ல் பிர்கர் ஃபீல்ட்ஸ் பதக்கமே வாங்கினார்.

ராமானுஜம் 1982-ஐப் பார்க்கவில்லை. ஸ்கிஸோஃப்ரினியாவோடு சுமார் பத்து வருஷம் போராடி 1974 அக்டோபரில் பெங்களூரில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 36. நோய் கொஞ்சம் விலகிய நாட்களில் எழுதியவைதான் மேலே சொன்னதில் பாதிக்கு மேல்.

ஷஃபரேவிச் குறிப்புகள் டாடா நிலையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இறக்கிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில் நிற்கிறேன்.