பெயரன் தேடும் பெயர்கள்



ஜூரோங்கில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில், குடும்ப மரம் வரைந்து வருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். பெரும்பாலான மரங்கள் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிட்டன. "தாத்தாவின் அப்பா பெயர் என்னம்மா?" என்று கேட்டதற்கு ஒரு மாணவி, "அப்பாவுக்கே தெரியாதாம், ஐயா" என்றாள். அவளைக் குறை கூறுவதற்கில்லை. அன்றிரவு என் கொள்ளுப்பாட்டியின் பெயரை நினைவுகூர முயன்றேன். எனக்கும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஏர் பிடித்த உழவனின் வழித்தோன்றலோ பல வேளைகளில் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல இயல்கிறது. 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் பதிய வேண்டுமென ஆணையிட்டார். 1598 முதல் அப்பதிவுகள் தோல் ஏடுகளில் எழுதப்பட்டு, ஆண்டுதோறும் ஒரு படி ஆயருக்கும் அனுப்பப்பட்டது. ஓர் ஏடு அழிந்தாலும் மற்றொன்று எஞ்சியது. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1837இல்தான் அங்கே தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் எளிய மக்களின் நினைவைக் காத்தவை இவ்வேடுகளே.

தமிழர்க்கு இத்தகைய ஏடுகளே இல்லையோ எனின், இருந்தன. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், 'தோம்பு' எனும் பதிவேடுகளைப் பேணினர். நிலத்திற்கு ஒரு தோம்பு இருந்ததுபோல் பள்ளிக்கும் ஒரு தோம்பு இருந்தது. ஊர்மக்களின் திருமுழுக்கையும் திருமணத்தையும் அதில் பதிந்தவர் பள்ளி ஆசிரியரே! வாரிசுரிமைக்கு அப்பதிவு சான்றானதால், சைவர் பலரும் தேவாலயத்தில் தம் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டனர். நம் தொழிலின் முன்னோர் பாடம் மட்டுமன்றிப் பரம்பரையையும் எழுதி வைத்தனர் என்பது நாம் எண்ணிப் பெருமைப்படத்தக்கது.

சிங்கப்பூரிலும் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் போன்றவற்றின் வழியே சில குடும்பங்கள் தம் வேரைத் தேட இயலும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் இந்துக்கள். உடலை எரியூட்டுவது நம் வழக்கம் ஆதலால், பெயர் பொறித்த கல்லறையும் எஞ்சுவதில்லை. நமக்கு எஞ்சுபவை வேறு வகைச் சான்றுகள்: 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்களில் வந்தோரின் பயணத்தாள்கள், 1948இல் அறிமுகமான அடையாள அட்டைகள், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற குடியுரிமைச் சான்றிதழ்கள்.

நம் பெயர் முறையே ஒரு திறவுகோல் என்பதையும் பிள்ளைகளுக்குக் கூறுங்கள். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் மாறாமல் நீளும். ஆயின் ஒரே ஊரில் ஒரே பெயருடைய ஐவரைப் பிரித்தறிவது கடினம். நம் தலைப்பெழுத்தோ ஒவ்வொரு தலைமுறையிலும் தந்தையைச் சுட்டுகிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தான் அவன் 'பெயரன்'. அதுவே பேச்சில் 'பேரன்' ஆயிற்று. ஒரு பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் மீண்டும் தோன்றுமாயின், அது நல்ல தடயம்.

ஆனால் இத்திறவுகோல் ஒரு கதவைத் திறப்பதில்லை. தலைப்பெழுத்தில் தாய்க்கு இடமில்லை. இங்கிலாந்திலும் பழைய திருமுழுக்குப் பதிவுகள் பலவற்றில் தந்தையின் பெயர் மட்டுமே இருந்தது. 1813இல் அச்சிட்ட படிவம் வந்தபின்னரே இருவர் பெயரும் கேட்கப்பட்டன. என் கொள்ளுப்பாட்டி மறைந்துபோனது இவ்வாறுதான். அவர் பெயரை அறிந்த கடைசி மனிதர் என் பெரியத்தை. அவர் உயிருடன் இருந்தவரை நான் கேட்கவில்லை.

அம்மாணவி கேட்டாள். விடுமுறையில் தன் அத்தைப்பாட்டியின் வீட்டிற்குச் சென்று, பிஸ்கட் தகரப் பெட்டியிலிருந்த பழைய கடவுச்சீட்டைக் கண்டாள். அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ஊரும் இருந்தன. அவருடைய தாயின் பெயர் எத்தாளிலும் இல்லை. அத்தைப்பாட்டி வாயால் சொன்னார். அவள் மரத்தில் இப்போது ஐந்து தலைமுறைகள்.

ஆதலின் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வார இறுதியில் வீட்டின் மூத்தவரிடம் பிள்ளையை அமரச் செய்யுங்கள். அவருடைய தாயின் பெயர், பாட்டியின் பெயர், பிறந்த ஊர் ஆகிய மூன்றையும் பிள்ளை தன் கையால் தமிழில் எழுதட்டும். அதன்கீழ் நாளையும் குறிக்கட்டும். குரோம்வெல்லின் ஆணையும் ஏறத்தாழ இவ்வளவே கேட்டது.