எந்தக் கடையில் விலை கம்மி? அரசே விசாரித்துச் சொன்னால் விலைவாசி குறையுமா?

வீட்டுப் பக்கத்துக் கடையில் துவரம் பருப்பு கிலோ 180 ரூபாய், இரண்டு தெரு தள்ளி அதே பருப்பு 165 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்த 15 ரூபாய் வித்தியாசம் பலருக்குத் தெரிவதே இல்லை. கடை கடையாக ஏறி இறங்கி விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கு?

அந்த வேலையை அரசு செலவில் யாராவது செய்து, “இந்த வாரம் இந்தக் கடையில்தான் கம்மி” என்று சொல்லிவிட்டால்? சில நாடுகள் இதைச் செய்து பார்த்திருக்கின்றன. சில இடங்களில் பலன் கிடைத்தது, சில இடங்களில் திட்டம் சொதப்பியது.

ஆஸ்திரேலியாவில் நடப்பது என்ன?

ஆஸ்திரேலியாவில் 2022-ஆம் ஆண்டின் கடைசி காலாண்டில் பணவீக்கம் 7.8 சதவீதத்தைத் தொட்டது. அங்கே சூப்பர் மார்க்கெட் வியாபாரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வூல்வொர்த்ஸ், கோல்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. விலை ஏற ஏற மக்களின் கோபமும் இந்த இரண்டின் பக்கம் திரும்பியது.

இதையடுத்து ‘சாய்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்புக்கு மூன்று ஆண்டுகளுக்கு 11 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை அரசு ஒதுக்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைகளில் விலையை ஒப்பிட்டு அறிக்கை வெளியிடுவதுதான் வேலை.

முதல் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. பால், வெண்ணெய், ரொட்டி, சர்க்கரை, டீ பாக்கெட் என 14 பொருட்கள். யார் என்று சொல்லிக்கொள்ளாமல், சாதாரண வாடிக்கையாளர் போலவே ஆட்கள் போய் விலையைக் குறித்து வந்தார்கள். ஆல்டி கடையில் மொத்த பில் சுமார் 51.50 டாலர். மற்ற இரண்டிலும் கிட்டத்தட்ட 69 டாலர். அந்த இரண்டு பெரிய கடைகளுக்கும் இடையே வித்தியாசம் ஒரு டாலர்கூட இல்லை!

இதற்கு முன்னால் இப்படிச் செய்ததே இல்லையா?

செய்தார்கள். 2008 ஆகஸ்டில் ‘குரோசரி சாய்ஸ்’ என்ற இணையதளத்தை ஆஸ்திரேலிய அரசே தொடங்கியது. நாட்டை 61 பகுதிகளாகப் பிரித்து, மாதம் ஒருமுறை விலை வெளியிட்டார்கள்.

ஆனால் அதில் இருந்தது அந்தப் பகுதியின் சராசரி விலை மட்டும்தான். நம்ம தெருக் கடையில் இன்னைக்கு என்ன விலை என்று கேட்டால் பதில் இல்லை. போன மாத விலையை வைத்து இந்த மாதம் சாமான் வாங்க முடியுமா? கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2009 ஜூனில் அரசே திட்டத்தைக் கைவிட்டது.

உண்மையிலேயே விலை குறையுமா?

இதற்கு 1974-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். அப்போது அங்கே பணவீக்கம் 11 சதவீதத்தை நெருங்கியிருந்தது. உணவு விலையைக் கண்காணிக்க அரசு அமைத்த வாரியத்துக்காக, ஒட்டாவா-ஹல் பகுதியில் 26 சூப்பர் மார்க்கெட்டுகளில் 65 பொருட்களின் விலையைச் சேகரித்தார்கள். கடைப் பெயரோடு ஐந்து வாரம் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. விலை வெளியிடப்படாத இன்னொரு நகரத்தோடு ஒப்பிட்டால், சராசரி விலை சுமார் 7 சதவீதம் இறங்கியது. கடைக்குக் கடை இருந்த வித்தியாசமும் சுருங்கியது. வெளியிடுவதை நிறுத்தியதும் விலை மறுபடி ஏறிவிட்டது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான கிராண்ட் டிவைன், பின்னாளில் சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல்வரானார்.

இஸ்ரேலில் 2015 முதல் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்கள் ஒவ்வொரு கிளையின் விலையையும் இணையத்தில் போட வேண்டும் என்று சட்டமே வந்தது. அதன் பிறகு விலை 4 முதல் 5 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது.

எல்லோரும் பட்டியலைப் பார்த்துக் கடை மாற வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் பேர் மாறினாலே போதும், “அதிக விலைக்கு விற்கும் கடை” என்ற பெயர் வந்துவிடுமோ என்று முதலாளி பயப்படுவார்.

இதில் ஆபத்து உண்டா?

உண்டு. 1993-இல் டென்மார்க்கில் கட்டடக் கான்கிரீட்டின் உண்மையான விற்பனை விலைகளை அரசு அமைப்பு வெளியிட்டது. ஓராண்டுக்குள் விலை 15 முதல் 20 சதவீதம் ஏறியது!

காரணம், பட்டியலை வாங்குபவர் மட்டும் பார்ப்பதில்லை. போட்டி நிறுவனமும் பார்க்கும். ரகசியமாகத் தள்ளுபடி கொடுத்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால், யாருமே குறைக்க முன்வரவில்லை. விற்பவர்கள் நாலைந்து பேர் மட்டும் இருக்கும் சந்தையில் இந்த ஆபத்து அதிகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆல்டியில் விலை கம்மி என்று தெரிந்தாலும், டாஸ்மேனியாவிலும் வடக்குப் பிரதேசத்திலும் அந்தக் கடையே கிடையாது. ஊரில் ஒரே கடைதான் என்றால் பட்டியலால் என்ன பயன்?

இந்தியாவில் இப்படி இருக்கிறதா?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தினமும் அத்தியாவசியப் பொருட்களின் விலையைச் சேகரிக்கிறது. 2024 ஆகஸ்டில் இந்தப் பட்டியல் 22-இல் இருந்து 38 பொருட்களாக உயர்ந்தது. அப்போது 550 மையங்களில் இருந்து தகவல் வந்தது. ஆனால் இது முக்கியமாக அரசு முடிவெடுப்பதற்கான கணக்கு. வெளிவருவது ஊர் வாரியான விலை. எந்தக் கடையில் கம்மி என்று அதில் தெரியாது.

தமிழ்நாட்டில் 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் தினமும் எழுதிப்போடும் விலைப்பலகை, ஓரளவு இந்த வேலையைச் செய்கிறது. “உழவர் சந்தையிலயே கிலோ இவ்வளவுதானே, நீங்க ஏன் இவ்வளவு சொல்றீங்க?” என்று வெளிக்கடையில் பேரம் பேச அது உதவும்.

இப்போதைக்கு நாம் என்ன செய்யலாம்?

பாக்கெட் பொருள் வாங்கும்போது மொத்த விலையை மட்டும் பார்க்க வேண்டாம். எம்.ஆர்.பி.யோடு ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். பாக்கெட்டின் விலை அப்படியே இருந்து எடை குறைந்திருந்தால், அந்தச் சின்ன எழுத்தில்தான் அது தெரியும்.

அடிக்கடி வாங்கும் பத்துப் பொருட்களின் விலையை, பழைய பில்லைப் பார்த்து போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை வேறு கடைக்குப் போகும்போது, எது எங்கே கம்மி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.