இரண்டாண்டுச் செவிலியப் படிப்பு: மருத்துவமனையிலிருந்து சமுதாயக் கல்லூரிக்கு

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் பெற்றவரும், பல்கலைக்கழகத்தில் நான்காண்டு படித்தவரும், பதிவுபெற்ற செவிலியராவதற்கு ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். இரண்டாண்டுப் படிப்பை வகுத்தவர் எண்ணிய இடத்தில் அது நிற்காமல் போனதற்கு இந்தத் தேர்வே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1873-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளியின் வழியே பல நூறு பள்ளிகள் எழுந்தன. படிப்புக்காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. மாணவியரே வார்டு வேலை பார்த்தார்கள், இரவுப்பணியும் செய்தார்கள். பாடம் எஞ்சிய நேரத்துக்குத்தான். இம்முறையை 1923-இல் செவிலியக் கல்வி பற்றிய கோல்ட்மார்க் அறிக்கை குறைகூறியது. செவிலியக் கல்வி உயர்கல்வி நிறுவனங்களுக்குள் வர வேண்டும் என்று 1948-இல் எஸ்தர் லூசில் பிரவுன் தம் அறிக்கையில் வலியுறுத்தினார். ஆனால் மாணவியரின் உழைப்பை நம்பி இயங்கிய மருத்துவமனைகள் அதை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் பொருளியல் உண்மையைக் கணக்கில் கொள்ளாமல் சீர்திருத்தத்தின் தாமதத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. 1943-இல் அமைந்த கேடட் செவிலியர் படை, அரசுச் செலவில் 30 மாதங்களில் படிப்பை முடிக்கலாம் என்று காட்டியது. போருக்குப் பின் மருத்துவமனைகள் பெருகின. செவிலியர் தட்டுப்பாடு தொடர்ந்தது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய, செலவு குறைந்த சமுதாயக் கல்லூரிகளை நாடெங்கும் அமைக்குமாறு அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947-இல் பரிந்துரைத்தது.

செவிலியக் கல்வியையும் சமுதாயக் கல்லூரியையும் இணைத்தவர் மில்ட்ரெட் மான்டாக். கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு 1951-இல் நூலாக வந்தது. பட்டதாரிச் செவிலியரின் வழிகாட்டலில் பணிபுரியும் 'செவிலியத் தொழில்நுட்பர்' என்ற புதுநிலையை அதில் அவர் முன்வைத்தார். அவர் கருத்தில் அந்த இரண்டாண்டுப் படிப்பு தன்னளவில் முழுமையானது; மேற்படிப்புக்கான படிக்கட்டன்று. 1952-இல் பாசடீனா, வீபர், ஹென்றி ஃபோர்டு உள்ளிட்ட ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் ஐந்தாண்டுச் சோதனை தொடங்கியது. இங்கே வார்டுக்குப் போனவர் கற்கப் போனார். எந்த நோயாளியிடம் எதைக் கற்பது என்பதைக் கல்லூரி ஆசிரியரே முடிவுசெய்தார். கால அளவு குறைந்ததைவிட இதுவே பெரிய மாற்றம் என்பேன்.

படித்து வெளிவந்தோர் பதிவுபெற்ற செவிலியருக்கான மாநிலத் தேர்வை எழுதினர், பெரும்பாலோர் தேறினர். அத்துடன் 'தொழில்நுட்பர்' என்ற தனிநிலை நடைமுறையில் கரைந்தது. உரிமம் ஒன்றே என்றானபின் மருத்துவமனைகள் வேலையையும் பிரிக்கவில்லை. மணமானவர்களைப் பல மருத்துவமனைப் பள்ளிகள் சேர்க்க மறுத்த காலத்தில், குழந்தைகளைப் பெற்ற தாய்மாரும் வயதில் மூத்தவர்களும் ஆண்களும் இக்கல்லூரிகளுக்கு வந்தார்கள். கெல்லாக் அறக்கட்டளையின் நிதியால் கலிபோர்னியா, ஃபுளோரிடா, நியூயார்க், டெக்சஸ் மாநிலங்களில் இப்படிப்பு விரைந்து பரவியது.

தொழில்முறைச் செவிலியருக்கு நான்காண்டுப் பட்டம், தொழில்நுட்பச் செவிலியருக்கு இரண்டாண்டுப் பட்டம் என்று 1965-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் நிலைப்பாடு எடுத்தது. வட டகோட்டா மட்டும் 1987-இல் அதை விதியாக்கி 2003-இல் கைவிட்டது. நியூயார்க் 2017-இல் வேறு வழியைத் தேர்ந்தது: புதிதாக வருவோர் இரண்டாண்டுப் பட்டத்தோடு பணியில் சேரலாம், உரிமம் பெற்ற 10 ஆண்டுகளுக்குள் நான்காண்டுப் பட்டத்தை முடிக்க வேண்டும். மான்டாக் முற்றுப்புள்ளியாக வகுத்த படிப்பை, மேற்படிப்பின் முதற்கட்டமாகச் சட்டமே ஏற்றுக்கொண்டது.